போர்க்களத்துக்குச் செய்த டீசல் வண்டி பொதுச் சாலைக்கு வந்த கதை: ஹம்மர் எச்1 பின்னணி

அமெரிக்காவில் ஹம்மர் என்று சொன்னால் இன்று ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு வண்டிகள் பேச்சுக்கு வருகின்றன. ராணுவம் கழித்து ஏலத்தில் விடும் பழைய வண்டி ஒன்று. 2000-களில் நகரத் தெருக்களில் மினுமினுத்த பெட்ரோல் வண்டி இன்னொன்று. இப்போது மின்சாரத்தில் ஓடும் ஒன்றும் வந்துவிட்டது. இவற்றுக்கு நடுவே மறைந்து கிடப்பது 1992 முதல் 2006 வரை தனியாருக்கு விற்கப்பட்ட எச்1. ராணுவ வண்டியின் சட்டகம், சக்கர அமைப்பு, உடல் ஆகியவற்றை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு வந்தது இது மட்டும்தான்.

போருக்காக வடிவமைத்த வண்டியைத் தனியார் வாங்க முடிந்தது எப்படி, அது ஏன் நின்றுபோனது, இன்று ஏலத்தில் கிடைக்கும் ராணுவ வண்டி ஏன் அதற்கு ஈடாகாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எந்த ஹம்மர் எது?

1. ஹம்வீ: அமெரிக்க ராணுவத்தின் வண்டி. 1983 மார்ச்சில் ஏ.எம். ஜெனரல் நிறுவனத்துக்கு 55,000 வண்டிகளுக்கான ஒப்பந்தம் கிடைத்தது. இந்தியானா மாநிலத்தின் மிஷவாகா ஆலையில் தயாரானது. இதுவரை 2,80,000-க்கும் மேல் உருவாகியிருக்கின்றன.

2. எச்1: அதே நிறுவனம், அதே ஆலை. 1992-இல் பொதுமக்களுக்கு வந்தது. 1991 வளைகுடாப் போர்க் காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடிய பிறகு இந்த வண்டியைத் தெரியாதவர்களே இல்லை என்றானது. நடிகர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் அதற்கு முன்பிருந்தே இதைத் தனியாருக்கும் விற்கச் சொல்லி நிறுவனத்தை நச்சரித்து வந்தார். தொடக்கத்தில் இதன் பெயர் வெறும் ஹம்மர்.

3. எச்2, எச்3: 1999 இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹம்மர் என்ற பெயரின் உரிமையை வாங்கியது. பிறகு தன் சொந்த பிக்கப் வண்டிகளின் அடித்தளத்தில் இவற்றைச் செய்தது. தோற்றம் மட்டுமே ராணுவச் சாயல். எச்2 வந்த பிறகுதான் பழைய வண்டி எச்1 ஆனது.

4. மின்சார ஹம்மர்: 2020-இல் அறிவிக்கப்பட்டு 2021 டிசம்பரில் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேரத் தொடங்கியது. எச்1-க்கும் இதற்கும் இயந்திர உறவு எதுவும் கிடையாது.

இனி பேசப்போவது முதல் இரண்டைப் பற்றி.

## வண்டியின் வடிவத்தைத் தீர்மானித்த ஒரு தேவை

ஹம்வீயின் பெரும்பாலான விசித்திரங்கள் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. வண்டி உயரம் குறைவாக இருக்க வேண்டும், அதன் வயிறு மட்டும் தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். எதிரியின் கண்ணில் படக் கூடாது, பக்கவாட்டுச் சரிவில் உருளக் கூடாது, ஆனால் பாறை மேல் ஏறினால் அடிப்பக்கம் தட்டவும் கூடாது. இவை ஒன்றோடொன்று முரண்படும் கோரிக்கைகள்.

சாதாரண நாற்சக்கர இயக்க வண்டியில் ஆக்ஸில் சக்கரத்தின் மையத்துக்கு நேராக ஓடுகிறது. அதன் நடுவே உள்ள டிஃபரன்ஷியல், அதாவது சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, மையத்துக்கும் கீழே தொங்கும். பாறை முதலில் அடிப்பது அதைத்தான். டயரைப் பெரிதாக்கினால் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான்.

ஹம்வீயில் டிஃபரன்ஷியலைச் சட்டகத்தோடு சேர்த்து மேலே பொருத்திவிட்டார்கள். அங்கிருந்து வரும் தண்டு சக்கரத்தின் மையத்துக்குப் போவதில்லை. மையத்துக்கு மேலே நுழைகிறது. சக்கரத்தின் உள்ளே ஒரு சிறிய கியர் பெட்டி அந்தச் சுழற்சியைக் கீழே இறக்கி மையத்துக்குக் கொடுக்கிறது. நான்கு சக்கரங்களிலும் இப்படி ஒன்று. இதிலிருந்து இரண்டு பலன்கள் கிடைக்கின்றன:

1. தரை இடைவெளி 16 அங்குலம், அதாவது 406 மில்லிமீட்டர்.

2. இந்தக் கியர் பெட்டிகளின் விகிதம் 1.92-க்கு 1. முறுக்கு விசை சக்கரத்தை அடையும் கடைசிக் கட்டத்தில்தான் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதனால் அதற்கு முன்னால் உள்ள தண்டுகள் பாதிச் சுமையைத் தாங்கினாலே போதும். அவற்றை மெலிதாகவே செய்யலாம்.

பிரேக் டிஸ்க்குகளும் சக்கரத்தில் இல்லை. டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. சேற்றிலிருந்தும் கல்லிலிருந்தும் பாதுகாப்பு. பிரேக் விசையும் அதே 1.92 மடங்கு பெருகியே சக்கரத்துக்குப் போகிறது.

சரி, இதற்கெல்லாம் விலை என்ன? மேலே ஏற்றிய கியர் பெட்டியும் தண்டுகளும் எங்காவது இருந்தாக வேண்டுமே. அவை பயணிகள் அறைக்குள் வந்துவிட்டன. நடுவில் ஒரு மேசை அகலத்துக்குப் பெட்டி நீள்கிறது, அதன் இரு பக்கமும் நான்கு குறுகிய இருக்கைகள். வெளியே 2.2 மீட்டர் அகலமுள்ள வண்டியில் உள்ளே நான்கே பேர், அதுவும் மூலைக்கு ஒருவராக. எஞ்சினின் பின்பகுதியும் முன் இருக்கைகளுக்கு இடையே வரை துருத்திக்கொண்டிருப்பதால் வெப்பமும் சத்தமும் நேராக உள்ளே வரும். விற்பனைக் கூடத்தில் தோல் இருக்கையையும் குளிர்சாதனத்தையும் பார்த்து வாங்கியவர்கள், நெடுஞ்சாலையில் பக்கத்து இருக்கைக்காரரிடம் உரக்கப் பேச வேண்டியிருப்பதைப் பிறகுதான் உணர்ந்தார்கள்.

பராமரிப்பும் கூடுகிறது. நான்கு சக்கரங்களிலும் எண்ணெய் நிரம்பிய கியர் பெட்டிகள். ஆழமான நீரைக் கடந்து வந்த பிறகு உள்ளே தண்ணீர் புகுந்ததா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். ராணுவத்தில் அதற்குப் பட்டறையும் பணியாளர்களும் உண்டு. தனி உரிமையாளருக்கு அது அவரே.

இதே கேள்விக்கு ஜப்பானில் டொயோட்டா தந்த பதில் மெகா குரூசர். அதிலும் சக்கரத்தில் கியர் பெட்டி, உள்ளே தள்ளிய பிரேக், டீசல் எஞ்சின். கூடவே பின் சக்கரங்களும் திரும்பும். ஹம்வீ திரும்ப 7.6 மீட்டர் ஆரம் தேவை, மெகா குரூசருக்கு 5.6 போதும். குறுகிய இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது. இந்த ஒரு விஷயத்தில் ஜப்பானியர்கள் மேலாக யோசித்தார்கள் என்பேன்.

## ஓட்டுபவர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வித்தை

எச்1-ஐ வாங்கிய பலர் தடுமாறிய இடம் டிஃபரன்ஷியல். இதில் இருப்பது டார்சன் வகை. ஒரு சக்கரம் வழுக்கினால், அந்தச் சக்கரம் தாங்கும் விசையைச் சில மடங்கு பெருக்கி மறு சக்கரத்துக்கு அனுப்பும். வெறும் பல்சக்கரங்களின் உராய்வால் நடக்கும் வேலை, மின்னணு எதுவும் இல்லை.

சிக்கல் இதுதான்: இது பெருக்கும் கருவி. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றால் அது தாங்கும் விசை பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். வண்டி நகராது.

இதற்கு வழி, ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே இடது காலால் பிரேக்கை மெல்ல அழுத்துவது. கணக்காகப் பார்த்தால் புரியும். பெருக்கும் விகிதம் 3 என்று வைத்துக்கொள்வோம்:

1. பிரேக் இரு சக்கரங்களையும் 200 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் பிடிக்கிறது.

2. அந்தரத்தில் உள்ள சக்கரம் இப்போது 200 தாங்குகிறது. டார்சன் அதை மூன்று மடங்காக்கி, தரையில் உள்ள சக்கரத்துக்கு 600 அனுப்புகிறது.

3. அங்கும் பிரேக் 200-ஐத் தின்றுவிடும். மீதி 400 வண்டியைத் தள்ளுகிறது.

நின்றுபோன வண்டியை நகர்த்த பிரேக்கை மிதிக்க வேண்டும் என்பது யாருக்கும் இயல்பாக வராது. ராணுவ ஓட்டுநருக்கு இதைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். தனியாருக்கு விற்ற வண்டியில் 1999 முதல் மின்னணு அமைப்பு இந்த வேலையைத் தானே செய்தது. அதற்கு முந்தைய வண்டியை வாங்குபவர் வித்தையைப் பழகித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வசதி, ஓடும்போதே டயர் காற்றைக் கூட்டிக் குறைப்பது. தரையில் டயர் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ அதற்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம் போல மணல் மேல் பரந்து படியும். மூன்று டன் வண்டி புதையாமல் நகரும். கெட்டியான சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். எச்1-இல் இதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே செய்யலாம்.

## ஏன் டீசல்?

ராணுவத்துக்கு டீசல் பிடிப்பதற்குக் காரணங்கள் எளியவை. பெட்ரோல் போல டக்கென்று தீப்பிடிக்காது. டாங்கி, லாரி, சிறு வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே எரிபொருளைக் கொண்டுபோனால் போதும். தீப்பொறி தேவையில்லாததால் தண்ணீருக்குள் இறங்கினால் அணையும் வாய்ப்பு குறைவு. மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவிசை கிடைக்கும்.

பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. இந்த ராணுவ வண்டியின் எஞ்சினே பொதுச் சந்தையிலிருந்து வந்ததுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் தன் பிக்கப் வண்டிகளுக்காகக் கொண்டுவந்த 6.2 லிட்டர் வி8 டீசல் அது. வலிமை 150 குதிரைத் திறன். மூன்று டன் எடைக்கு இது மிகவும் கம்மி, அதனால் முந்திச் செல்வதெல்லாம் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். பிறகு 6.5 லிட்டர் ஆனது, 1996-இல் டர்போ சேர்ந்து 195 ஆனது. இடையில் பெட்ரோல் எஞ்சினும் கொடுத்துப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. 2006-இல் வந்த ஆல்ஃபா என்ற கடைசி வகையில்தான் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் எஞ்சினும் ஐந்து கியர் ஆலிசன் தானியங்கிப் பெட்டியும் சேர்ந்து 300 குதிரைத் திறன் கிடைத்தது. வண்டிக்கு ஏற்ற எஞ்சின் வந்த ஆண்டே அதன் கடைசி ஆண்டும் ஆனது.

## எல்லாக் கதவையும் திறந்த எண்: 10,300

எச்1 எப்படி விற்க முடிந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும். 10,300 பவுண்டு, அதாவது சுமார் 4,670 கிலோ. இது வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. காலி வண்டி, ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்த்து அது தாங்கலாம் என்று தயாரிப்பாளர் அறிவிக்கும் அளவு. அமெரிக்க விதிகளில் பல இந்த அளவை வைத்தே கோடு போடுகின்றன.

1. காற்றுப்பை: 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு அது கட்டாயமில்லை. எச்1-இல் கடைசி வரை காற்றுப்பை கிடையாது.

2. மைலேஜ் அறிவிப்பு: காரின் கண்ணாடியில் ஒட்டும் எரிபொருள் சிக்கன அட்டை அக்காலத்தில் 8,500-க்கு மேற்பட்டவற்றுக்குத் தேவைப்படவில்லை. லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டி அதைச் சொல்லாமலே விற்பனையாகலாம்.

3. வரி: 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தொழிலுக்கு வாங்கினால் அதன் விலையை முதலாண்டே செலவாகக் காட்டலாம் என்ற சலுகை இருந்தது. விவசாயிகளின் டிராக்டரையும் கட்டுமானக்காரர்களின் லாரியையும் மனதில் வைத்த விதி. 2003-இல் அதன் உச்சவரம்பு 1,00,000 டாலராக உயர்ந்ததும் மருத்துவரும் வழக்கறிஞரும் ஹம்மர் வாங்கிக் கழித்துக்கொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2004 அக்டோபரில் இத்தகைய வண்டிகளுக்கு 25,000 டாலர் என்று குறைத்தார்கள்.

எடையோடு தொடர்பில்லாத, அகலம் சார்ந்த விதி ஒன்றும் உண்டு. 80 அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள வண்டிக்குக் கூரை முகப்பில் அடையாள விளக்குகள் வேண்டும். எச்1-இன் அகலம் 86.5 அங்குலம். கூரையில் வரிசையாக எரியும் அந்த ஐந்து மஞ்சள் விளக்குகள் அழகுக்கு வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். லாரிகளுக்கான சட்டம் கேட்டதால் வந்தவை அவை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ராணுவ வண்டி என்றால் அதிகப் பாதுகாப்பு என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. உடல் அலுமினியத் தகடு, ரிவெட் அடித்து ஒட்டியது. கவசம் பூட்டாத ஹம்வீ துப்பாக்கிக் குண்டையே தடுக்காது. பிற்காலத்தில் ஈராக்கில் அமெரிக்கா அவசரமாகக் கவசத் தகடுகளைத் தேடியதற்குக் காரணமே இதுதான். சாலை விபத்தைப் பொறுத்தவரை, கனமான வண்டி உள்ளே இருப்பவரை ஓரளவு காக்கும், ஆனால் எதிரே வரும் சிறிய காரை நசுக்கும். ஒரு சின்னக் காருக்குக் கட்டாயமான காற்றுப்பை இதில் இல்லை என்பதை வாங்கும்போது யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ஓட்டையை விதி எழுதியவர்கள் அடைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

## நிறுத்தியது எது?

எடை திறந்துவிட்ட கதவுகளுக்கு நடுவே ஒரு கதவு மட்டும் மூடியது: டீசல் புகை விதி. கனரக டீசல் எஞ்சின்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001-இல் வகுத்த விதி 2007 மாடலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. புகைத்துகள் அளவை 90 சதவீதம் குறைக்க வேண்டும். டீசலில் கந்தகமும் மில்லியனில் 500 பங்கிலிருந்து 15 பங்காகக் குறைந்தது. நடைமுறையில் இதன் பொருள், புகைக்குழாயில் துகள் வடிகட்டி வைத்தாக வேண்டும்.

அந்த வடிகட்டி சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும். அதற்கு மிகுந்த வெப்பம், இடம், புதிய மின்னணுக் கட்டுப்பாடு, சோதனைச் சான்று எல்லாம் வேண்டும். டியூராமேக்ஸ் எஞ்சினைத் திணிக்கவே இடம் போதாமல் திணறிய வண்டி அது. ஆண்டுக்குச் சில நூறு வண்டிகள் விற்கும் நிலையில், விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்ட பிறகு, அந்தச் செலவை எடுக்க வழியில்லை. 2006-இல் உற்பத்தி நின்றது. 14 ஆண்டுகளில் மொத்தம் விற்றவை ஏறத்தாழ 12,000.

அதன் பிறகும் அதே நிறுவனம் ராணுவத்துக்கு ஹம்வீயைத் தொடர்ந்து செய்தது, அதுவும் பழைய 6.5 லிட்டர் டர்போ எஞ்சினோடு. போர் வண்டிகளுக்குப் புகை விதியிலிருந்து தேசப் பாதுகாப்பு விலக்கு உண்டு. வாங்குபவர் யார் என்பது மாறினால் விதியும் மாறிவிடுகிறது. எச்1-க்கு முடிவு கட்டியது தொழில்நுட்பத் தோல்வி இல்லை, இந்த விலக்கு அதற்குக் கிடைக்காததுதான்.

## ஏலத்தில் கிடைக்கும் ஹம்வீ

2014 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தேவையற்ற ஹம்வீக்களைப் பொதுமக்களுக்கு ஏலத்தில் விடத் தொடங்கியது. முதல் தொகுப்பில் 25 வண்டிகள், தொடக்க விலை 10,000 டாலர். அன்றிலிருந்து குறைந்த விலையில் எச்1 கிடைக்கிறது என்ற பேச்சு ஓய்வதே இல்லை. அது சரியில்லை என்பதற்கு மேலே பார்த்தவையே காரணம்.

வாகனப் பாதுகாப்புத் தரங்கள், ராணுவத்துக்கு நேரடியாகச் செய்து விற்கும் வண்டிக்குப் பொருந்தாது என்று கூட்டாட்சி விதியே சொல்கிறது. அதாவது ஹம்வீ எந்தச் சாலைத் தரத்தையும் பூர்த்தி செய்ததாகச் சான்று பெறாமலே பிறந்த வண்டி. ஆகவே இந்த ஏலங்கள் சாலைக்கு வெளியே மட்டும் பயன்படுத்த என்ற நிபந்தனையோடு வந்தன. பதிவு செய்வது மாநிலங்களின் அதிகாரம் என்பதால் சில இடங்களில் எண்பலகை வாங்கியவர்களும் உண்டு, திரும்பி வந்தவர்களும் உண்டு.

ஏ.எம். ஜெனரல் 2013-இல் வேறொரு வழியை முயன்றது. எஞ்சினும் கியர் பெட்டியும் இல்லாத வண்டியை, சொந்தமாகப் பூட்டிக்கொள்ளும் தொகுப்பாக 59,995 டாலருக்கு விற்றது. எஞ்சின் இல்லையென்றால் புகைச் சான்றும் தயாரிப்பாளரின் தலைவலி இல்லை. மீதி எல்லாம் வாங்கியவர் பொறுப்பு.

இரண்டில் ஒன்றை வாங்க நினைப்பவர் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று கேட்டால்:

1. முதலில் காகிதம். ராணுவ வண்டியானால் அரசு தரும் உரிமைச் சான்றில் சாலைப் பயன்பாடு பற்றி என்ன எழுதியிருக்கிறது, உங்கள் மாநிலம் அதை ஏற்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

2. அப்புறம் மின்சாரம். ராணுவ வண்டி 24 வோல்ட். சாவியும் கிடையாது, திருகும் சுவிட்ச்தான். சாதாரண 12 வோல்ட் கருவி எதையும் நேராக இணைக்க முடியாது.

3. நான்கு சக்கரக் கியர் பெட்டிகளின் எண்ணெய். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பல்சக்கரத்தையும் பேரிங்கையும் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

4. 6.5 லிட்டர் எஞ்சினானால் வெப்பம். அதிகம் சூடேறி ஓடிய எஞ்சினில் உலோகத்தில் விரிசல் விழுவது தெரிந்த பிரச்சினை. மின்னணு எரிபொருள் பம்ப் உள்ளவற்றில், அதை இயக்கும் சிறு மின்னணுப் பெட்டி பம்ப் மேலேயே இருந்து சூட்டில் கெட்டுப்போகும். அதைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

5. கடைசியாக, உங்கள் வீட்டு வாயிலின் அகலம். 86.5 அங்குலம் என்பது பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு.